ஜசிந்தா மச்சாள் ஏரியில் விழுந்த கதை

என் அண்ணன் லோறன்சின் மனைவி ஜசிந்தாவைப் பற்றி இந்த ஜெர்மன் ஊரான பீலெஃபெல்ட்டில் எந்தத் தமிழரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "அவவோ? சரியான தலைக்கனம்!" என்பார்கள். தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது தோளோடு தோள் முட்டினாலும் தானாக ஒரு சொல் பேசமாட்டார். நாங்கள் வணக்கம் சொன்னால் சொல்வார், சிரித்தால் சிரிப்பார். கண்டுகொள்ளாமல் போனால் அவரும் சுவரைப் பார்த்தபடி போய்விடுவார். "உங்கட மச்சாளுக்கு வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வீட்டில் அப்படியில்லை. வீட்டில் நன்றாகக் கதைப்பார், பகிடி விடுவார், அண்ணன் கறிக்கு உப்புப் போட மறந்தால் அதை ஒரு கிழமைக்குச் சொல்லிச் சிரிப்பார். வேலையிடத்துக் கதை மட்டும் வராது. எனக்கோ ஊர்ப்புதினம் என்றால் உயிர், அதை ஏன் ஒளிக்கவேணும்? "இண்டைக்கு ஆராவது தமிழாக்கள் வந்தவையோ மச்சாள்?" என்று நைசாகக் கேட்பேன். "பிறேமா, பருப்பு அடிப்பிடிக்குது, போய்ப் பாரும்" என்பார். போய்ப் பார்த்தால் அடுப்பில் பருப்பே இருக்காது.

மச்சாள் வேலை செய்வது குழந்தைகளின் இதயம் பார்க்கிற ஒரு மருத்துவ நிலையத்தில். மன்னாரிலிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளையாக வந்தவர், இங்கே பள்ளிக்கூடம் முடித்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்தான். இன்றுவரை அங்கேதான். இதயத்தின் ஓட்டத்தைத் தாளில் கோடாக வரைகிற மெஷினுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவது அவர் வேலை. டொக்டர் ஸ்கான் செய்யும்போது பிள்ளை துள்ளாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

கதை கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் மகன் ஜெனிஸ்டன் சின்னவனாக இருந்தபோது அவன் நெஞ்சில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று அங்கே அனுப்பினார்கள். நான் அழுதுகொண்டு போனேன். மச்சாள் அவனுடைய கரடிப் பொம்மையை முதலில் கட்டிலில் படுக்கவைத்தார். பொம்மையின் கைகளில் சிவப்பும் மஞ்சளும், காலில் பச்சையுமாக வயர்களை ஒட்டி, "பார், கரடிக்கு ரோட்டு லைட் பூட்டியாச்சு, இனி அவர் அசைஞ்சா பொலிஸ் பிடிக்கும்" என்றார். பிறகு தனக்கும் பூட்டச் சொல்லி ஜெனிஸ்டன் சண்டை பிடித்தான். ஸ்கான் செய்யப் பூசுகிற ஜெல் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிருமே, அந்தப் போத்தலை அவர் முன்கூட்டியே சுடுதண்ணீரில் வைத்திருந்தார். டொக்டர் பார்த்துவிட்டு, இரைச்சல் ஒன்றும் செய்யாது, வளர வளரப் போய்விடும் என்றார். போயும்விட்டது. பகிடி என்னவென்றால், அன்றிரவு அண்ணன் என்னிடம் போன் எடுத்து, "ஜெனிஸ்டனுக்கு என்ன சொன்னவை?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெண்சாதி வாய் திறக்கவில்லை! "அது பிறேமா சொல்ல வேண்டிய கதை" என்று சொல்லிவிட்டாராம்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். மச்சாள் எங்கே வேலை செய்கிறார் என்பது ஊருக்கே தெரியும். தமிழ்க்கடையில் ஒரு பிள்ளையைக் கண்டு "எப்படியம்மா இருக்கிறாய்?" என்று அவர் கேட்டால் போதும், பக்கத்தில் மிளகாய்த்தூள் எடுக்கிற மனுசிக்கு விசயம் பிடிபட்டுவிடும். பொழுதுபடுவதற்குள் கதை ஹனோவருக்குப் போய்விடும். எங்கள் சனம் சீனி வருத்தத்தை, அதுதான் சர்க்கரை நோயை, பெருமையாகவே சொல்லும், முழங்கால் நோவை விருந்தில் வைத்து விளக்கும். பிள்ளைக்கு, அதுவும் பெண்பிள்ளைக்கு, நெஞ்சில் ஏதும் என்றால் வாயைத் தைத்துக்கொள்ளும். "நாளைக்குக் கலியாணம் பேசேக்கை என்ன செய்யிறது?" என்பார்கள். பிள்ளைக்கு அப்போதுதான் பால்பல் விழுந்திருக்கும்! அதனால்தான் மச்சாள் தானாக யாரையும் கண்டு பேசுவதில்லை. முதலில் பேச வேண்டியவர்கள் அவர்கள்.

இனிச் சொல்லப்போவது தேனுஜாவின் கதை. மச்சாள் வாயிலிருந்து இதில் ஒரு சொல்லும் வரவில்லை. மருத்துவ நிலையத்தில் நடந்ததை எல்லாம் தேனுஜாவின் தாய் பிரபாலினிதான் பிறகு எனக்குச் சொன்னாள். எழுதச் சொன்னதும் அவள்தான்.

தேனுஜா மூன்றாம் வகுப்பு. மீன்குஞ்சு மாதிரி, தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டாள். போன வருடம் வைகாசியில் பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு. தண்ணீருக்குள் குதித்து அடியில் கிடக்கிற வளையத்தை எடுத்துவர வேண்டும். குதித்த பிள்ளை அப்படியே துவண்டு போனாள். ரீச்சர் உடுப்போடு பாய்ந்து தூக்கினார். கரைக்குக் கொண்டுவந்த கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "வளையம் எங்கே?" என்று கேட்டாளாம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இதயத்தையும் ஒருக்கால் காட்டுங்கள் என்று மச்சாள் வேலை செய்கிற இடத்துக்கு அனுப்பினார்கள்.

பிரபாலினியும் கணவன் தாரகனும் பிள்ளையோடு உள்ளே போனால், வயர்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் ஜசிந்தா மச்சாள்! "எனக்கு நெஞ்சு பக்கெண்டு போச்சு, அக்கா" என்றாள் பிரபாலினி. "கடையிலை, கோயில் திருவிழாவிலை காணுற முகம். நான் உடனை வெளியிலை போய், வேறை ஆள் இல்லையோ, ஜெர்மன்காரர் ஆரும் இல்லையோ எண்டு கேட்டனான்." அன்று வேறு ஆள் இல்லை. மச்சாளுக்கு அது காதில் விழுந்திருக்கும். அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், முன்பின் தெரியாத ஆள் மாதிரி ஜெர்மனிலேயே கதைத்து வேலையை முடித்தார்.

டொக்டர் ஹெல்விக் என்ற அம்மா தாளில் விழுந்த இதயக் கோட்டைப் பார்த்தார், ஸ்கானையும் பார்த்தார். இதயத்தின் கட்டமைப்பில் பிழை இல்லை, ஓட்டை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்காகத் தன்னைத் திரும்பச் சார்ஜ் பண்ணிக்கொள்ள வேண்டும். தேனுஜாவுக்கு அந்த நேரம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. எல்லைக்கோட்டில் நிற்கிறது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த வருத்தம் உள்ள பிள்ளைகளுக்கு ஓடும்போதோ, முக்கியமாகக் குளிர்ந்த தண்ணீரில் குதிக்கும்போதோ இதயம் தாளம் தப்பிவிடும். சில வேளை தானாகத் திரும்பும். சில வேளை திரும்பாது.

"உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? அடிக்கடி மயங்குகிறவர்கள்? தண்ணீரில் மூழ்கியவர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

தாரகனின் கண் மச்சாள் பக்கம் போனது. "நைன்" என்றான். ஒருவரும் இல்லை.

டொக்டர் சைக்கிள் மிதிக்கவிட்டு ஒரு சோதனை, ஒரு நாள் முழுக்க இதயத்தைப் பதிகிற கருவி, இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்ய வேண்டும் என்றார். அதுவரைக்கும் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். இவர்கள் தலையாட்டிவிட்டு வந்து, குறித்துத் தந்த டெர்மின் நாளுக்குப் போகாமலே விட்டார்கள். அங்கிருந்து போன் வந்தது. "பிள்ளை நல்லா இருக்கிறா, மூக்குக்குள்ளை தண்ணி போனதுதான்" என்று தாரகன் சொல்லிவிட்டான். கெட்ட மனுசன் இல்லை அவன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நம்ப அவனுக்கு அவ்வளவு ஆசை.

அந்த நாட்களில் மச்சாளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. சேர்ச்சில் ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் நிற்கிறவர், ஒரு பாட்டை இரண்டு தரம் பிழையாகத் தொடங்கினார். உண்மையாகவே ஒருநாள் பருப்பை அடிப்பிடிக்க விட்டார். "என்ன மச்சாள், அண்ணையோடை சண்டையே?" என்று கேட்டேன். "இல்லையப்பா. ஒரு ஆள் டெர்மினுக்கு வரேல்லை" என்றார். டெர்மினுக்கு வராத ஆளுக்காகப் பருப்பைக் கருக்குகிற பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆடி மாதத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாக் குடும்பங்களையும் நகரத்துக்கு வெளியே இருக்கிற ஏரிக்கு ஒன்றுகூடலுக்குக் கூப்பிட்டது. அன்று ஞாயிறு. தமிழ்ப் பூசை முடிந்த கையோடு போனதால் மச்சாள் சேலையோடு வந்தார். எந்தச் சேலை? என்னுடைய சேலை! மாம்பழ நிறம், அரக்குக் கரை, நான் ஒரே ஒரு தரம்தான் உடுத்தது. "ஒரு நாளைக்குத் தாரும் பிறேமா, கவனமாய்த் தருவன்" என்று வாங்கிக்கொண்டு போனவர். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

கரையில் தாரகன் கோழி வாட்டிக்கொண்டு நின்றான். பிரபாலினி பெரிய சட்டிக்குப் பின்னால் நின்று கொத்துரொட்டி அள்ளிக் கொடுத்தாள். பிள்ளைகள் ஏரிக்குள் நீட்டிக் கட்டியிருந்த மரப்பாலத்தில் வரிசையாய் நின்று, ஒவ்வொருவராய்த் தண்ணீருக்குள் குதித்தார்கள். இடுப்பளவு ஆழம்தான். வெயில், சிரிப்பு, ஒரே கும்மாளம்.

"காலை மட்டும் நனைச்சிட்டு வரவேணும்" என்று சொல்லித்தான் பிரபாலினி மகளை விட்டிருக்கிறாள். பிள்ளை கேட்குமா? அவள் நிமிர்ந்து பார்த்தபோது தேனுஜா சிவப்பு நீச்சலுடையில் பாலத்து வரிசையில் நின்றாள். முன்னால் மூன்று பேர்.

"வாயைத் திறந்தனான், அக்கா. சத்தம் வரேல்லை. 'குதியாதை' எண்டு கத்தினா எல்லாரும் திரும்பிப் பாப்பினம். எல்லாப் பிள்ளையளும் குதிக்குதுகள், இவளை மட்டும் ஏன் மறிக்கிறாய் எண்டு கேப்பினம். என்ன சொல்லுறது எண்டு ஒரு கணம் யோசிச்சனான். பெத்த தாய், நிண்டு யோசிச்சனான்!"

இதொன்றும் தெரியாமல் நான் மச்சாளுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தேன். மச்சாள் திடீரென்று தன் தட்டை என் மடியில் வைத்தார். எழும்பினார். செருப்புக் கூடப் போடாமல் பாலத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். வரிசையில் நின்ற பிள்ளைகளை விலக்கிக்கொண்டு, ஏதோ ஏரியின் அழகைப் பார்க்கப் போகிறவர் மாதிரி நுனிக்குப் போனார். தேனுஜாவின் முறை வந்து, அவள் கையைப் பின்னால் வீசிக் குதிக்க ஆயத்தமாகிற நேரம். மச்சாள் தொப்பென்று விழுந்தார்.

கடவுளே! என் சேலை!

குடை விரிந்தது போல மாம்பழ நிறம் தண்ணீரில் உப்பிக்கொண்டு எழும்பியது. நடுவில் மச்சாள், தலைமயிர் முகத்தில் ஒட்ட, "ஐயோ! ஆராவது பிடியுங்கோ!" என்று கத்தினார். மன்னார்க் கடல்கரையில் பிறந்த மனுசி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அப்படிக் கத்துகிறார்! கையை நீட்டியது யாரிடம்? நேரே தேனுஜாவிடம். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தபடி பாலத்தில் முழங்காலில் இருந்து அவர் கையைப் பிடித்தாள். "விடாதையம்மா, நான் பாரம், இறுக்கிப் பிடி!" என்றார் மச்சாள். பிள்ளை இரண்டு கையாலும் பிடித்தாள். மச்சாளும் அந்தக் கைகளை விடவில்லை.

கரையில் நின்ற சனம் சிரித்த சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும். தலைக்கனக்காரி விழுந்தால் விடுவார்களா? போன்கள் எல்லாம் மேலே எழும்பின. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பான கோவிந்தராஜன் மாஸ்டர் மட்டும் பதறியடித்து ஓடிவந்து, "பெரிய ஆக்களே வழுக்கி விழுகினம், இனி ஒரு பிள்ளையும் இந்தப் பாலத்திலை ஏறப்படாது!" என்று எல்லாரையும் இறக்கிவிட்டார். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

மச்சாள் கரைக்கு வந்தபிறகும் தேனுஜாவை விடவில்லை. "எனக்குக் குளிருது, நீ எனக்குப் பக்கத்திலை இரு, கதை சொல்லு" என்று பிடித்து வைத்துக்கொண்டார். பிள்ளைக்கு வலு புளுகம், சந்தோசம் தாங்கவில்லை, ஒரு பெரிய ஆளைத் தான் காப்பாற்றிவிட்டேன் என்று வருகிற போகிற எல்லோருக்கும் சொன்னாள். அப்போது பிரபாலினி ஒரு துவாயைக் கொண்டுவந்து நீட்டினாள். முகத்தில் இரத்தம் இல்லை. நான் அதைப் பார்த்தேன், ஆனால் கொத்துரொட்டிச் சட்டிச் சூட்டில் நின்ற களைப்பு என்று நினைத்தேன். மச்சாள் துவாயை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு, சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நல்ல கெட்டிக்காரப் பிள்ளை உங்கட மகள். பேர் என்ன?"

பிரபாலினி விறுவிறென்று கார் நின்ற பக்கம் போய்விட்டாள். இதைச் சொல்லும்போதுதான் அவள் என் முன்னால் விம்மி அழுதாள். "அவவுக்குப் பேர் தெரியும், அக்கா. பிறந்த திகதி தெரியும், நெஞ்சுக்குள்ளை என்ன இருக்குது எண்டும் தெரியும். சனம் முழுக்கச் சிரிக்கேக்கையும், என்ரை பிள்ளையின்ரை பேரைத் தெரியாத ஆள் மாதிரிக் கேட்டவ."

எனக்கு அன்றைக்கு என்ன தெரியும்? காரில் ஏறியதும் சத்தம் போட்டேன். "கண் தெரியாதே உங்களுக்கு? பாலத்து நுனியிலை என்ன வேலை? ஊரே வீடியோ எடுத்திட்டுது! அதுவும் என்ரை சேலையோடை!" அடுத்த நாளே வீடியோ வட்ஸ்அப்பில் வந்தது, பின்னால் நாதஸ்வரமும் போட்டு. கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிற என் மூத்த மகள் அங்கிருந்து போன் எடுத்து, "அம்மா, மாமி டிரெண்டிங்!" என்றாள். மானம் போய்விட்டது என்று நான் தலையில் கைவைத்தேன். மச்சாளோ வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, "வடிவாத்தான் விழுந்திருக்கிறன், என்ன?" என்று அண்ணனிடம் கேட்டுச் சிரித்தார். பருப்பும் அந்தக் கிழமை கருகவில்லை.

ஏனென்றால் அந்தக் கிழமை பிரபாலினி டெர்மினுக்குப் போயிருந்தாள். இந்தத் தடவை வாசலிலேயே, "ஜசிந்தா அக்கா இருக்கிறாவோ? அவவே செய்யட்டும்" என்று தமிழில் கேட்டாளாம். தேனுஜாவைச் சைக்கிள் மிதிக்கவிட்டார்கள். பிள்ளை மூச்சு வாங்க மிதித்து நிறுத்திய பிறகு, எல்லைக்கோட்டில் நின்ற அந்த நேரம் நன்றாகவே நீண்டு காட்டியது. டொக்டர் ஹெல்விக் பழைய கேள்வியைத் திரும்பவும் கேட்டார். குடும்பத்தில் யாராவது?

தாரகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பிரபாலினி அவன் முழங்கையில் இடித்தாள். "சொல்லுங்கோப்பா. பிருந்தனைப் பற்றிச் சொல்லுங்கோ."

பிருந்தன் தாரகனின் தம்பி. பதினைந்து வயதில் கூட்டாளிகளோடு ஊரில் கீரிமலைக் கேணியில் குளிக்கப் போனான். நல்ல நீச்சல்காரன். கரையிலிருந்து குதித்தவன் மேலே வரவில்லை. "அவனுக்குச் சாதகத்திலை தண்ணிக் கண்டம் எண்டு இருந்தது" என்றான் தாரகன். "சின்னனிலேயே சாத்திரியார் சொன்னவர். அதாலை எங்கட வீட்டிலை அது ஒரு வருத்தம் எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை. கண்டம் வந்தது, போயிட்டான், அவ்வளவுதான். டொக்டர் கேட்டவுடனை அவன்ரை முகம்தான் வந்தது. தமிழ் ஆள் ஒருத்தர் நிக்கிறா எண்டு போட்டு வாயை மூடிப்போட்டன்."

தண்ணிக் கண்டத்தை ஜெர்மனில் சொல்ல அவனுக்கு ஏலவில்லை. மச்சாள்தான் சொன்னார், தண்ணீரால் உயிருக்கு ஆபத்து வரும் என்று பிறந்த நேரத்தை வைத்துக் கணித்திருந்தார்கள் என்று. டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டாராம். "அதைக் கணித்த மனிதர் சொன்னது வீணில்லை. இந்த வருத்தம் தண்ணீரில்தான் காத்திருக்கும். ஆனால் இதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது" என்றார்.

பரம்பரையில் வருகிற வருத்தம் என்பதால் தகப்பனையும் சோதிக்கச் சொன்னார்கள். பெரியவர்களைப் பார்க்கிற இடத்தில் இதயக் கோடு எடுத்தால், தாரகனுக்கும் அதே நீளம்! தம்பி போன நாளிலிருந்து தண்ணீருக்கே போகாதவன் அவன். அந்தப் பயம்தான் அவனைக் காப்பாற்றியிருக்க வேண்டும். இப்போது தகப்பனும் மகளும் காலையும் மாலையும் சேர்ந்து குளிசை போடுகிறார்கள், இதயத்தைப் பதறவிடாமல் வைத்திருக்கிற குளிசை. யார் மறந்தாலும் மற்ற ஆள் விடுவதில்லை. தேனுஜாவின் வகுப்பு ரீச்சர்மாருக்கு ஆபத்து நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாயிற்று. நீச்சல் மட்டும் இல்லை. அதற்கு அவள் அழுத அழுகை கொஞ்சமில்லை. இப்போது மேசைப்பந்து விளையாடுகிறாள், தோற்றால் மட்டையை எறிகிறாள். மற்றபடி ஓடுகிறாள், சண்டை பிடிக்கிறாள், எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்.

இவ்வளவும் நடந்தது எனக்கு அப்போது தெரியாது. ஐப்பசியில் வாணி விழா வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்து விழா என்றால் வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்கிறதில்லை, எல்லாக் குடும்பமும் மண்டபத்தில் நிறைந்திருந்தது. பிள்ளைகளின் பாட்டு, நடனம் எல்லாம் முடிய, அந்த வருடத்துப் பகிடிகள் என்று திரையில் வீடியோ போட்டார்கள். நான் கதவுப் பக்கம் பார்த்தேன். நினைத்தது போலவே நாதஸ்வரம் தொடங்கியது. மாம்பழ நிறச் சேலை திரை முழுக்க உப்பியது. மண்டபம் அதிரச் சிரித்தது. "இன்னொருக்கால் போடுங்கோ!" என்றது பின்வரிசை. மச்சாளும் எனக்குப் பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே யாரையாவது அடிக்கலாம் போல இருந்தது.

அப்போது பிரபாலினி எழும்பி மேடைக்குப் போனாள். தாரகன் அவளை மறிக்கவில்லை, அவனும் கூடவே போனான். அவள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள்.

"அதை நிப்பாட்டுங்கோ. அவ வழுக்கி விழேல்லை. என்ரை பிள்ளை குதிக்கப் போனவ, குதிச்சிருந்தா இண்டைக்கு என்ரை பிள்ளை இல்லை. அதுக்காக விழுந்தவ."

நாதஸ்வரம் நின்றது. பிரபாலினி எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்து நீச்சல், எல்லைக்கோடு, கீரிமலைக் கேணி, குளிசை, ஒன்றையும் விடவில்லை. "என்ரை மகளுக்கு இதயத்திலை வருத்தம். நான் சொல்லுறன், நீங்கள் மறைவிலை கதைக்கத் தேவையில்லை. கலியாணம் பேச வாறவைக்கும் நானே சொல்லுவன். உங்கட பிள்ளை ஓடேக்கை, நீந்தேக்கை மயங்கினா வெயில் எண்டும் பசி எண்டும் சொல்லிப்போட்டு இருக்காதேங்கோ. டொக்டர் கேட்டா, தண்ணியிலை போன ஆக்களையும் சொல்லுங்கோ. நாங்கள் ஒளிச்சம். ஒளிச்சதாலை என்ரை பிள்ளையைக் கூப்பிட எனக்கே வாய் வரேல்லை."

நான் மச்சாள் பக்கம் திரும்பினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "மச்சாள்! உண்மையே? தெரிஞ்சுகொண்டே விழுந்தனீங்களே? நான் உங்களைக் காருக்குள்ளை வைச்சு எவ்வளவு ஏசினன்! அப்பவாவது சொல்லியிருக்கலாம்தானே?"

"அது அவவின்ரை கதை, பிறேமா. அவ சொல்லுறா, கேளும்" என்றார். "நான் வழுக்கித்தான் விழுந்தனான்."

பிரபாலினி மேடையிலிருந்து இறங்க முன்பே தேனுஜா கதிரைகளுக்குள்ளால் ஓடிவந்து எங்களுக்கு முன்னால் நின்றாள். பட்டுப்பாவாடை, முன்பல் ஒன்று புதிதாய் அரைவாசி முளைத்திருந்தது. கிட்ட வராமல் நின்றாள். வெளியில் கண்டால் ஜசிந்தா அக்காவைக் கரைச்சல் படுத்தக் கூடாது என்று அவளுக்கு வீட்டில் சொல்லி வைத்திருந்தார்களாம். மச்சாளும் இருந்த இடத்திலேயே இருந்தார். பிள்ளையின் தலைக்கு மேலால் தாயைப் பார்த்தார். பிரபாலினி ஓம் என்று தலையாட்டினாள்.

மச்சாள் கதிரையை விட்டு எழும்பி, மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையையும் நீட்டினார்.

"தேனுஜா! எப்படியம்மா இருக்கிறாய்?"

இந்த ஊரில் அவர் ஒரு பிள்ளையிடம் தானாகப் போய் அப்படிக் கேட்டதை நான் அன்றுதான் கேட்டேன். பிள்ளை பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். "நான் நல்லா இருக்கிறன். நீங்கள் இன்னும் பாரமோ?" என்றாள். மச்சாள் சிரித்தார், பிறகு அழுதார், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

அதற்கு அடுத்த கிழமை அந்த மருத்துவ நிலையத்துக்குத் தமிழ்க் குடும்பங்களின் போன் ஓயவில்லையாம். இதை எனக்குச் சொன்னது போன் எடுத்த தாய்மார்கள். மச்சாளிடம் கேட்டேன், "ஆர் ஆர் எடுத்தவை மச்சாள்?" என்று.

"பிறேமா, பருப்பைப் பாரும்" என்றார்.